வாகைகுளம் ஏர்போர்ட்டிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்: ஒரே நாளில் இரண்டு ஃபிளைட் பிடிக்க எவ்வளவு நேரம் விட வேண்டும்?

தோவாளை_பிச்சி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து காலை ஃபிளைட்டில் தூத்துக்குடி (வாகைகுளம்) வந்து 10.40க்கு இறங்குகிறேன். அம்மா நாகர்கோவில் பக்கம் தோவாளையில் இருக்கிறார், வயது 70, மெதுவாகத்தான் நடப்பார். வீட்டில் ஒரு மணி நேரம் இருந்து, சாப்பிட்டுவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அன்று இரவு 8.30க்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜா ஃபிளைட் ஏற வேண்டும்.

திரும்பி வரும்போது நேர் எதிர். ஷார்ஜா ஃபிளைட் அதிகாலை 4.15க்குத் திருவனந்தபுரத்தில் இறங்கும். அம்மாவைத் தோவாளையில் விட்டுவிட்டு, காலை 11 மணிக்கு வாகைகுளத்தில் சென்னை ஃபிளைட். உள்நாட்டு டிக்கெட் ஒரு நிறுவனம், ஷார்ஜா டிக்கெட் வேறு நிறுவனம், பி.என்.ஆர். எல்லாம் தனித்தனி. திரும்பும் நாளின் சென்னை டிக்கெட்டை மட்டும் இன்னும் போடவில்லை.

ஒரு தளத்தில் இரண்டு ஏர்போர்ட்டுக்கும் தூரம் 125 கி.மீ. என்று இருக்கிறது. மேப்பில் 178 கி.மீ., 3 மணி 40 நிமிடம் என்று காட்டுகிறது. எதை நம்பிக் கணக்குப் போடுவது? ரயில் உதவுமா?

நாஞ்சில்_சக்கரம்

125 என்பது பறவை பறக்கும் தூரம். இரண்டு ஏர்போர்ட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டால் அதுதான் வரும், கடல்மைலில் சுமார் 67. இரண்டுக்கும் நடுவே நேரடி ஃபிளைட் கிடையாது, ஆகவே அந்த எண்ணை மறந்துவிடுங்கள். சாலையில் 175 முதல் 180 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். தூரம் சரி, மேப் சொல்லும் நேரம்தான் சரியில்லை. அந்த 3.40 நள்ளிரவுக்கும் அதிகாலைக்கும் பொருந்தும். பகலில் 4 மணி நேரத்துக்குக் குறைத்து யாராவது சொன்னால் மார்த்தாண்டம் பக்கம் வராதவர் என்று அர்த்தம்.

பாதையைத் துண்டு துண்டாகப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

வாகைகுளத்திலிருந்து தூத்துக்குடி–நெல்லை நான்குவழிச் சாலையில் (என்.எச். 138) வல்லநாடு தாண்டி கே.டி.சி. நகர் வரை சுமார் 28 கி.மீ., அரை மணி நேரம். நெல்லை ஊருக்குள் நுழையவே வேண்டாம். கே.டி.சி. நகரில் பைபாஸ் ஏறினால் அதுவே என்.எச். 44. அங்கிருந்து நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு விலக்கு வரை 55 கி.மீ. சொச்சம், 45 முதல் 55 நிமிடம். இதுவரை எந்தக் கவலையும் இல்லை. வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தில் மட்டும் பழுது வேலை நடந்து ஒரு பக்கமாக வண்டி விடுவது அவ்வப்போது உண்டு. அப்போது பத்துப் பதினைந்து நிமிடம் போகும்.

காவல்கிணறில் நேராகப் போனால் கன்னியாகுமரி. வலது பக்கம் பிரிந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை முப்பந்தலில் பக்கக்காற்று வண்டியை இழுக்கும். மேலே கேரியரில் பெட்டி கட்டியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள், தார்ப்பாய் போட்டால் நான்கு பக்கமும் கட்டுங்கள். உங்கள் வீடு வரை மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

இனிமேல்தான் விஷயம். நாகர்கோவிலிலிருந்து கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை வரை 40 கி.மீ.கூட முழுதாக இல்லை, ஆனால் மொத்தப் பயண நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்பது அந்தத் துண்டு. வடசேரி, பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம், மார்த்தாண்டம், குழித்துறை என்று வீடும் கடையும் விட்ட இடமே இல்லை. இருவழிச் சாலை, இரு பக்கமும் பஸ் நிறுத்தம், பஸ் நின்றால் பின்னால் வருகிறவர் எல்லாரும் நிற்க வேண்டும். கல், எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளத்துக்கு இதே சாலையில்தான் போகின்றன, அவற்றை முந்த இடம் கிடைக்காது. பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் வந்த பிறகு முன்பைவிடத் தேவலை. மார்த்தாண்டம் பாலம் இரண்டரை கிலோமீட்டர் நீளம், ஆனால் இறங்குகிற இடத்தில் குழித்துறை நெரிசலில்தான் போய் விழுகிறது. புதிய நான்குவழிச் சாலை முழுதாக முடிந்தால் இந்தப் பேச்சே வேண்டியிருக்காது. முடியும் வரை நாகர்கோவில்–களியக்காவிளைக்குச் சாதாரண நேரத்தில் 75 நிமிடம், காலை 8 முதல் 9.30, மாலை 4 முதல் 7 வரை என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று எழுதி வையுங்கள்.

களியக்காவிளை தாண்டியதும் பழைய சாலையில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று போகாதீர்கள். பாலராமபுரம் சந்திப்பில் மாட்டினால் வெளியே வருவது கஷ்டம். எல்லையிலேயே காரோடு பக்கம் இறங்கி கழக்கூட்டம்–காரோடு பைபாஸைப் பிடியுங்கள். முக்கோலை, கோவளம் சந்திப்பு, திருவல்லம், ஈஞ்சக்கல் வழியாக, திருவனந்தபுரம் இன்டர்நேஷனல் டெர்மினல் இருக்கும் சாக்கைக்கே நேரே போய்விடும். 35 கி.மீ. அளவு, 40 முதல் 50 நிமிடம். வாகைகுளம், நாங்குநேரி, திருப்பதிசாரம், திருவல்லம் என்று வழியில் டோல் இருக்கிறது, ஃபாஸ்டாக்கில் பணம் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் ஒரு பக்கம், டோலில் நின்று வாக்குவாதம் பண்ணும் நேரம் இன்னொரு பக்கம்.

உங்கள் கணக்கு: 10.40க்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர 11.10. தோவாளை 1 மணி. சாப்பிட்டு 2.15க்குக் கிளம்பினால் 5 மணிக்குள் ஏர்போர்ட். 3 மணிக்குப் பிறகும் தோவாளையை விட்டு நகராமல் இருந்தால் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தக்கலையில் நிற்பீர்கள். போகும் பயணம் தாராளம். வரும் பயணம் எனக்குப் பிடிக்கவில்லை.

சாக்கை_டெர்மினல்

நாஞ்சில் அண்ணாச்சி சாலையைச் சொல்லிவிட்டார், நான் டிக்கெட் பக்கம் சொல்கிறேன்.

ஏர்போர்ட் வாசலுக்கு எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதை ஃபிளைட் புறப்படும் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். செக்-இன் கவுண்டர் மூடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். உள்நாட்டு ஃபிளைட்டுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுண்டர் மூடிவிடும். வெளிநாட்டுக்கு 60 அல்லது 75, நிறுவனத்தைப் பொறுத்தது, டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் 8.30 ஃபிளைட்டுக்கு 7.15தான் கடைசி என்று வையுங்கள். பெட்டி இருப்பதால் வெப் செக்-இன் செய்திருந்தாலும் இதில் சலுகை இல்லை. ஷார்ஜா ஃபிளைட் என்றால் 5.30 வாக்கிலேயே கவுண்டரில் வரிசை நிற்கும், பக்கத்திலேயே எமிகிரேஷன் வரிசை வேறு. அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும் என்றால் இப்போதே நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்யுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். வீல்சேரோடு போகிறவருக்கு எமிகிரேஷன் வரிசையும் சுலபமாக நகரும்.

தனித்தனி பி.என்.ஆர். என்பதுதான் இதில் பெரிய ஓட்டை. முதல் ஃபிளைட் தாமதமாகி இரண்டாவது தவறினால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பே இல்லை. நீங்கள் ‘நோ ஷோ’, அவ்வளவுதான். சில வரிகளைத் தவிர பணம் திரும்ப வராது. எனவே இடைவெளியைக் கூட்டுவது மட்டும்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே காப்பீடு.

லக்கேஜ் எடையிலும் இடிக்கும். வளைகுடா டிக்கெட்டில் 30 கிலோ இருந்தாலும் உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் வெளிநாட்டு அளவையே கேட்டு வாங்கலாம், தனி டிக்கெட்டுக்கு அது இல்லை. போகும்போது பிரச்சினை வராது, அம்மாவின் பெட்டி தோவாளையில்தான் ஏறுகிறது. வரும்போது ஷார்ஜா பெட்டியை அப்படியே வாகைகுளத்தில் நிறுத்துப் பார்த்தால் கிலோ கணக்கில் பணம் கேட்பார்கள். அம்மாவோடு பெட்டியையும் தோவாளையில் இறக்கிவிடுங்கள். இன்னொன்று, தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், எடுத்துப் போட்டுவிடுவார்கள். கொப்பரையைப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் பொருள் என்று தடை இருக்கிறது. நம்ம ஊர்ப் பெட்டிகளில் இந்த இரண்டும் இல்லாமல் இருப்பது அபூர்வம் என்பதால் சொல்கிறேன்.

அடுத்து டெர்மினல். திருவனந்தபுரத்தில் டி1 சங்குமுகம் கடற்கரைப் பக்கம், டி2 சாக்கை பைபாஸ் பக்கம். நடுவில் ஓடுபாதை, அதனால் நடந்து போக முடியாது. ஈஞ்சக்கல், வள்ளக்கடவு வழியாகச் சுற்றிப் போக வேண்டும், 15 முதல் 25 நிமிடம். ஷார்ஜா ஃபிளைட் டி2. டாக்சிக்காரரிடம் ‘ஏர்போர்ட்’ என்று மட்டும் சொன்னால் சிலர் பழைய பழக்கத்தில் சங்குமுகத்துக்குக் கொண்டு போய் நிறுத்துவார்கள். ‘சாக்கை, இன்டர்நேஷனல்’ என்று சொல்லுங்கள். உள்நாட்டு ஃபிளைட் எல்லாம் டி1 என்றும் நினைக்க வேண்டாம், டிக்கெட்டில் டி1, டி2 என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

கடைசியாக, தேதி சொல்லவில்லையே? பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு அன்று ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்று மாலை நாலு மணி வாக்கிலிருந்து இரவு ஒன்பது வரை ஓடுபாதையையே மூடிவிடுவார்கள். ஃபிளைட்டுகளின் நேரத்தை முன்கூட்டியே மாற்றிச் செய்தி அனுப்புவார்கள். டிக்கெட் போடும்போது கொடுத்த மெயிலும் போன் நம்பரும் ஏஜென்டுடையதாக இருந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு வராது.

தண்டவாளம்

ரயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முழுப் பயணத்துக்கும் ரயிலை நம்ப வேண்டாம், ஆனால் பாதிக்கு நம்பலாம்.

வாகைகுளம் ஏர்போர்ட்டுக்கு ரயில் தொடர்பு கிடையாது. திருநெல்வேலி ஜங்ஷனுக்கு டாக்சியில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து நாகர்கோவில் சுமார் 74 கி.மீ., நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரல் 71 கி.மீ. நெல்லை–நாகர்கோவில் பகுதி இரட்டைப் பாதை ஆகிவிட்டது, ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடும். அதற்கு மேற்கே இரட்டைப் பாதை முடியாத இடங்களில் எதிர் வண்டிக்காக நிறுத்தி வைப்பார்கள். இரணியலிலோ குழித்துறையிலோ ஒரு கிராசிங் விழுந்தால் இருபது நிமிடம் போச்சு. நெல்லையிலிருந்து நேராகத் திருவனந்தபுரம் போகும் வண்டிகள் நாள் முழுதும் வரிசையாக இல்லை, சில மணி நேர இடைவெளியில்தான். காத்திருப்பையும் சேர்த்தால் சாலையைவிட அதிகமாகவே ஆகும்.

உபயோகப்படும் இடம் நாகர்கோவில்–திருவனந்தபுரம். பகலில் இந்தப் பகுதிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். தக்கலையும் மார்த்தாண்டமும் ரயிலைத் தொடாது. மழையில் சாலை கெட்டிருந்தாலோ, வழியில் விபத்து என்று கேள்விப்பட்டாலோ தோவாளையிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் வந்து ரயில் ஏறுங்கள். சென்ட்ரலில் இறங்கினால் தம்பானூரிலிருந்து ஏர்போர்ட் ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆட்டோவே போதும்.

ஒரு எச்சரிக்கை: நாகர்கோவிலில் இரண்டு ஸ்டேஷன். ஜங்ஷன் கோட்டாறு பக்கம். டவுன் ஸ்டேஷன் ஊரின் மேற்கு ஓரத்தில், திருவனந்தபுரம் பாதையில். நெல்லையிலிருந்து கேரளத்துக்குப் போகும் சில வண்டிகள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுனில் மட்டும் நின்று போய்விடும், என்ஜின் மாற்றித் திருப்பும் நேரம் மிச்சமாகும் என்பதற்காக. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துப் போங்கள். தவறான ஸ்டேஷனில் நின்றால் ஊரைக் குறுக்கே கடந்து அடுத்ததற்குப் போவதற்குள் வண்டி போயிருக்கும். தம்பானூரில் இறங்க வேண்டியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: முன்பு கொச்சுவேளி என்று இருந்ததுதான் இப்போது ‘திருவனந்தபுரம் நார்த்’. அது சென்ட்ரல் அல்ல.

ஆரல்காற்று

நாஞ்சில்_சக்கரம் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. காரோடு பைபாஸ் எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. டி2க்கு நல்லது. காலை, மாலை நேரத்தில் கோவளம் சந்திப்பிலிருந்து ஈஞ்சக்கல் வரை சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டும், விழிஞ்ஞம் பக்கம் போகும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் பாலராமபுரம், கரமனை வழியைவிட மேல்தான் என்பதை மறுக்கவில்லை. இரவு பத்துக்கு மேல் என்றால் இரண்டிலும் வித்தியாசம் இல்லை.

நாகர்கோவிலுக்குள் நுழையாமல் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: தோவாளையிலிருந்து இறச்சகுளம், புத்தேரி வழியாகப் பார்வதிபுரம் வந்து ஏறலாம். ஒழுகினசேரி, வடசேரி நெரிசல் தப்பும். கார் மட்டும் போகிற அகலம், எதிரில் மினி பஸ் வந்தால் ஒதுங்க வேண்டும். மார்த்தாண்டம் முழுக்க அடைத்துக் கிடந்தால் அழகியமண்டபத்தில் இடது திரும்பி கருங்கல், புதுக்கடை வழியாகக் களியக்காவிளை பக்கம் ஏறுகிற வழி இருக்கிறது. வளைவும் ஏற்ற இறக்கமுமாக இருக்கும், மாசிக் கொடை நாட்களில் மண்டைக்காடு கூட்டத்தால் அந்தப் பக்கமும் நிறையும். உள்ளூர் டிரைவர் இருந்தால் மட்டும் முயலுங்கள். மேப் இன்னும் சிறு வழியெல்லாம் காட்டும், ரப்பர் தோட்டத்துக்குள் கொண்டு விட்டுவிடும்.

நாங்குநேரியைத் தவிர்க்க ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம், திசையன்விளை என்று குறுக்கே போகலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கிலோமீட்டர் பெரிதாகக் குறையாது, நேரம் கூடும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாகர்கோவில் வடசேரியிலிருந்து நெல்லைக்கு எண்ட்-டு-எண்ட் பஸ் அடிக்கடி உண்டு. நெல்லை புதிய பஸ் நிலையத்தில் இறங்கி தூத்துக்குடி பஸ் மாற வேண்டும். அங்கே எண்ட்-டு-எண்டில் ஏறினால் வாகைகுளத்தில் நிற்காது. சாதாரண பஸ்ஸில் ஏறி, ஏறும்போதே கண்டக்டரிடம் ‘வாகைகுளம் ஏர்போர்ட்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி இருந்தால் பஸ்ஸை மறந்துவிடுங்கள், சாலையிலிருந்து டெர்மினலுக்குப் போக எப்போதும் ஆட்டோ நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை.

தோவாளை_பிச்சி

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. போகும் நாள் கவலை தீர்ந்தது. இரண்டு சந்தேகம்: வாகைகுளத்திலிருந்து திருவனந்தபுரம் வரை ஒரே டாக்சி பேசுவதா, தோவாளையில் மாற்றுவதா? தமிழ்நாட்டு டாக்சி கேரளத்துக்குள் போனால் சிக்கல் வருமா? திரும்பும் நாளில் ஆறே முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அது ஏன் போதாது?

நாஞ்சில்_சக்கரம்

டாக்சியை மாற்றுங்கள். வாகைகுளம்–தோவாளைக்கு ஒன்று, தோவாளை–திருவனந்தபுரத்துக்கு உங்கள் பக்கத்து வண்டி. காரணம் இரண்டு. தூத்துக்குடி வண்டியை ஒரு மணி நேரம் வீட்டு வாசலில் நிறுத்தினால் வெயிட்டிங் சார்ஜ் போக, திருவனந்தபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் காலியாகத் திரும்பும் கிலோமீட்டரும் உங்கள் தலையில் விழும். நம்ம மாவட்ட டிரைவர்களுக்கு அந்த ஏர்போர்ட் ஓட்டம் அன்றாட வேலை, களியக்காவிளைக்கு மேற்கே எந்த நேரத்தில் எந்த வழி என்று அவர்களுக்கே தெரியும்.

பர்மிட் விஷயம்: அகில இந்திய சுற்றுலா பர்மிட் உள்ள மஞ்சள் போர்டு வண்டியா என்று பேசும்போதே கேளுங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் பர்மிட் என்றால் கேரளத்துக்குத் தற்காலிக வரி கட்ட வேண்டும். முன்பே ஆன்லைனில் கட்டிவிடலாம். எல்லையில் நிறுத்திய பிறகு போனில் கட்ட முயன்றால் நெட் கிடைக்காமல் நிற்பார்கள். சொந்தக்காரரின் வெள்ளை போர்டு காரில் வாடகைக்குப் போவது வேண்டாம், ஆர்.டி.ஓ. சோதனையில் மாட்டினால் ஃபிளைட் போய்விடும்.

கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்தால் நம்ம பஸ்கள் களியக்காவிளையோடு நின்றுவிடும். டாக்சியை ஏர்போர்ட் போகிறவர்கள் என்று பெரும்பாலும் விடுவார்கள், டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள், அதிகாலையிலேயே எல்லையைத் தாண்டிவிடுங்கள். ஆற்றுக்கால் கோயில் பொங்காலை நாளில் திருவனந்தபுரம் நகரச் சாலைகளே அடுப்பாக இருக்கும், பைபாஸைத் தவிர வேறு எதிலும் நுழைய வேண்டாம். நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சாமி விக்கிரகங்கள் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் எழுந்தருளும் நாட்களிலும் நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள்.

சாக்கை_டெர்மினல்

திரும்பும் நாளின் ஆறே முக்கால் மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். 4.15க்கு இறங்கினாலும் இமிகிரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர 5.15 முதல் 5.45. வளைகுடா ஃபிளைட்டுகள் அதிகாலையில் அடுத்தடுத்து இறங்கும், பெட்டி வரும் பெல்ட்டிலேயே கூட்டம். வீல்சேர் பயணியைக் கடைசியாகத்தான் விமானத்திலிருந்து இறக்குவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5.45க்குக் கிளம்பினால் 8 மணிக்குத் தோவாளை. அம்மாவையும் பெட்டியையும் இறக்கிக் கால் மணி நேரம். 8.15க்குக் கிளம்பினால் 10 மணி. வாகைகுளத்தில் கவுண்டர் மூடுவதும் 10 மணி. கையிருப்பு பூஜ்யம்.

ஷார்ஜா ஃபிளைட் ஒரு மணி நேரம் தாமதமானால் நிலைமை ஒரு மணி நேரம் மட்டும் மோசமாகாது. 8 மணிக்கு மார்த்தாண்டத்தில் இருப்பீர்கள், பள்ளிக்கூட நேரம், அங்கே இன்னும் அரை மணி நேரம் சேரும். வாகைகுளத்தில் ஒரு ஃபிளைட்டை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதிலும் சீட் இருந்தால்தான். சிறிய ஏ.டி.ஆர். விமானம் என்றால் மொத்தமே 78 சீட். 2025 ஜூலையில் திறந்த புதிய டெர்மினலும், 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டிய ஓடுபாதையும் பெரிய விமானங்களுக்கு வழிவிட்டிருக்கின்றன. ஆனால் எத்தனை ஃபிளைட் வருகிறது என்பதை நிறுவனங்கள்தான் முடிவு செய்யும், ஓடுபாதை அல்ல. திருவனந்தபுரம்–சென்னை அப்படி இல்லை, ஒன்றை விட்டாலும் அன்றே இன்னொன்று கிடைக்கும்.

தண்டவாளம்

டிக்கெட் இன்னும் போடவில்லை என்பதால் சொல்கிறேன். அன்று சென்னை போயே ஆக வேண்டிய அவசரம் இல்லாவிட்டால் அம்மாவோடு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, மாலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸை நாகர்கோவிலில் பிடியுங்கள். மறுநாள் காலை எழும்பூர். எடைக்கும் ஃபிளைட் அளவுக்குக் கெடுபிடி இருக்காது.

ஆரல்காற்று

அவசரம் என்றால் வேறு வழி. சொந்தக்காரர் யாராவது தோவாளை டாக்சியில் சாக்கைக்கு வந்து அம்மாவையும் பெட்டிகளையும் கூட்டிப் போகட்டும், நீங்கள் கைப்பையோடு அங்கிருந்தே சென்னை ஃபிளைட் ஏறுங்கள். அந்த ஃபிளைட் டி1ஆக இருந்தால் ஷார்ஜா ஃபிளைட் இறங்கும் நேரத்துக்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள், 8.30க்கு மேல் புறப்படுகிற ஃபிளைட்டாகப் பாருங்கள்.

இன்னொன்று விட்டுப்போச்சு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறீர்கள் என்றால் போகும் நாள் திட்டத்தையும் ஒருமுறை யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வாகைகுளத்தில் இறங்க முடியாவிட்டால் விமானத்தை மதுரைக்குத் திருப்பலாம். மதுரை ஏர்போர்ட்டிலிருந்து நாகர்கோவில் 235 கி.மீ. அளவு, அதற்கு மேல் 70. நான்குவழிச் சாலை என்பதால் மதுரை–நாகர்கோவில் மூன்றரை மணி நேரம்தான், மீதி 70 கி.மீ.க்கு இரண்டரை மணி நேரம். மொத்தம் ஆறு. மதியம் 12க்குள் மதுரையை விட்டால் 6 மணிக்குச் சாக்கை, பிடித்துவிடலாம். ஆனால் தோவாளையில் சாப்பாடு கிடையாது, அம்மா பெட்டியோடு ஆரல்வாய்மொழி ரோட்டில் தயாராக நிற்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மாதிரி மழை வந்தால் தூத்துக்குடிப் பக்கமே சாலை துண்டாகிவிடும், அப்போது முந்தின நாளே ரயிலில் நாகர்கோவில் வந்துவிடுவதுதான் வழி. எச்சரிக்கை வந்த அன்றே முடிவெடுங்கள், ஃபிளைட் ரத்தாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தால் ரயிலில் டிக்கெட் இருக்காது.

தோவாளை_பிச்சி

ஜனவரி கடைசி வாரம்தான் பயணம், மழைப் பயம் இல்லை. போகும் நாள்: 2.15க்குத் தோவாளை, புத்தேரி வழி, காரோடு பைபாஸ், டி2. திரும்பும் நாளுக்கு வாகைகுளம் ஃபிளைட் போடப் போவதில்லை, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வீல்சேர் பதிவு இப்போதே செய்துவிட்டேன்.

தண்டவாளம்

ஜனவரி என்றால் பொங்கல் முடிந்து சென்னை திரும்புகிற கூட்டமும் குடியரசு தின விடுமுறைக் கூட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும், அன்றே போட்டுவிடுங்கள். ஏறும் இடம் நாகர்கோவில் ஜங்ஷன், டவுன் அல்ல.